அவள் கதவைத் திறந்தாளா?

ஒரு வீடியோ கேசட்டுக்குள் இவ்வளவு நாடா இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, சார். அனுமார் வால் மாதிரி, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் உருவி உருவி வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் செல்போன் விட்டுவிட்டுத் துடித்தது. "பாத்தாச்சாண்ணே? என்னாச்சுண்ணே?" குழுவில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்போதுதான் வாசலில் சாவி திருகும் சத்தம். வேலை முடிந்து அந்த வீட்டுக்காரன் மனைவி வந்துவிட்டாள். நாடாவோ பாதிகூட முடியவில்லை.

பதற்றப்படுவது என் சுபாவம் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைப் பார்ப்பவன் நான். எதிரே நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்தியதில்லை. கேட்டுப் பாருங்கள்.

'ஈரக்குடை' என்று ஒரு துப்பறியும் தொடர். எங்கள் சின்ன வயதில் வாராவாரம் டி.வி.யில் வந்தது. அதன் கடைசிப் பகுதி ஒரே ஒரு தடவைதான் ஒளிபரப்பானது. பிறகு நிலையத்தில் இருந்த பிரதியும் அழிந்துபோயிற்று. கதாநாயகி வீட்டில் தனியாக இருக்கிறாள். வெளியே கொலைகாரன் கதவைத் தட்டுகிறான். அவள் திறந்தாளா, இல்லையா? இதை அடித்துப் பேசுவதற்காகவே இணையத்தில் ஒரு ரசிகர் குழு. நான்தான் அட்மின். எல்லோருக்கும் அண்ணன்.

திறந்தாள் என்பது என் கட்சி. தாழ்ப்பாளை நீக்கும்போது கை வளையல் கதவில் உரசியது என்று எழுதினேன். "ஆமாண்ணே, அந்த வளையல் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு" என்று ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள்.

எதிர்க்கட்சித் தலைவன் அந்த வீட்டுக்காரன்தான். விவாதம் சூடேறும் நேரமாகப் பார்த்து நடுவில் புகுந்து ஜோக்கடிப்பான். அதனால் குழுவில் அவன் பெயர் 'இடைவேளை'.

"கொலைகாரன்னு தெரிஞ்சே கதவைத் திறந்துவிட, அவ என்ன ஹோட்டலாண்ணே நடத்துறா?"

"கண்ணைக் கழுவிட்டு வா, தம்பி."

வருஷக்கணக்காக இப்படித்தான். போன வாரம் அவன் ஒரு படம் போட்டான். இறந்துபோன அவன் அக்காவின் அலமாரியில் கிடைத்த கேசட். கடைசிப் பகுதி, முழுசாக. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் காட்டப்போவதாக எழுதியிருந்தான்.

குழுவே கூத்தாடியது. நான் மட்டும்தான் யோசித்தேன். சண்டை தீர்ந்துபோனால் அப்புறம் என்ன மிச்சம்? பிறந்தநாள் வாழ்த்தும் காலை வணக்கமும்தான். வீட்டில் பேச ஆளில்லாமல் அந்தச் சண்டைக்காகவே வருகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அவர்களையெல்லாம் அநாதையாக்குவதைவிட ஒரு பழைய கேசட் இல்லாமல் போவது மேல். நியாயம் உங்களுக்கே தெரியும்.

"ஊருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி நீங்கதாண்ணே பாக்கணும்" என்று அவனே கூப்பிட்டான். போனேன். டீ போட்டுக் கொடுத்தான். பழைய பிளேயர், பிளக் உடைந்திருந்தது. மேசைக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்து, சீவிய வயர் நுனிகளை விரலில் பிடித்து முறுக்கி, சாக்கெட் துளைகளில் செருகிக்கொண்டிருந்தான். அதன் ஸ்விட்ச் என் பக்கச் சுவரில்.

"நான் சொன்னப்புறம் போடுங்கண்ணே."

"நீ பாத்துட்டியா?"

"நேத்தே. எங்க கம்பெனியில ஒரு மிஷின் கிடக்கு."

"திறக்கிறாளா?"

சிரித்தான். "சொல்ல மாட்டேனே. உங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பாக்க வேண்டாமா?"

அவன் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டேன்.

பெரிய சத்தம் ஏதுமில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. கொஞ்சம் பொறுத்து ஸ்விட்சை அணைத்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கேசட்டை எடுத்தேன். ஒருவர் அன்பாகக் கொடுத்ததை வீணாக்கக் கூடாது.

"அண்ணே, வந்துட்டீங்களா? அவரு எங்க?" என்றபடியே அவள் உள்ளே வந்தாள். ஷாக் அடித்துவிட்டது என்றேன். அது பொய்யில்லை. ஆனால் என் சட்டை முழங்கை வரைக்கும் ஈரம். அழுதுகொண்டே அவள் அதைத்தான் பார்த்தாள்.

அவள் உங்களிடம் சொன்னதைச் சற்றுமுன் என்னிடம் சொன்னீர்கள். முந்தின நாளே அவன் வீட்டுக்கு வந்து சிரித்தானாம். "அண்ணன் ஜெயிச்சுட்டாரு. கதவைத் திறந்துட்டா. கையில வளையல் மட்டும்தான் இல்ல. போகட்டும், அவருக்கும் வயசாச்சு."

"ஜெயிச்ச ஆளு எதுக்குய்யா டேப்பை அழிச்சே?" என்று கேட்கிறீர்கள்.

சரியான கேள்வி. குழுவுக்காக என்று இதுவரை சொன்னேன். எனக்கே அதைத்தான் சொல்லிவைத்திருந்தேன். ஆனால், பார்த்தவனாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பகுதியை நான் பார்த்ததே இல்லை, சார். எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. வாராவாரம் பக்கத்து வீட்டு வாசற்படியில் நின்று பார்ப்பேன். அன்றைக்கு உள்ளே ஏகப்பட்ட கூட்டம். பாட்டு ஆரம்பித்ததும் அந்த வீட்டு அக்கா, "இன்னிக்கு இடமில்லடா" என்று கதவைச் சாத்திவிட்டாள். தொடர் முடிகிறவரை தட்டிக்கொண்டே இருந்தேன். யாரும் திறக்கவில்லை.

வளையல் சத்தம் மட்டும் நிஜம். அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டபோது கேட்டது.