மூன்று தண்ணீர்

சமையலில் உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று யாராலும் அளவு சொல்ல முடியாது, ஐயா. அதைக் கைதான் அறியும். என் கைக்கு அது தெரியவே தெரியாது என்று என் கணவர் பெலார்மினோ முப்பத்திரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகளின் கல்யாண விருந்தில், நான் சமைத்த ஆட்டுக்கறியை வாயில் வைப்பதற்கு முன்பே உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனார். "போட்டுக்கங்கப்பா, வெக்கப்படாதீங்க. என் வீட்டுக்காரிக்கு உப்புன்னா பயம்." எங்கள் சமனா ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். எதையும் மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. அது நவம்பர் மாதம், சனிக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தது, அவர் நீலச் சட்டை போட்டிருந்தார்.

இந்த ஜனவரியில் அவருக்கு இதயம் பலவீனமானது. தலைநகரிலிருந்து வந்த இளம் டாக்டர் அவரைச் சோதித்துவிட்டு, கையோடு என் கையிலும் பிரஷர் பட்டை கட்டிப் பார்த்தார். பிறகு, "சாப்பாட்டுல உப்பு போடாதீங்கம்மா. போட்டா இவர் தாங்க மாட்டார்" என்றார்.

என் நாத்தனார் ஒதிலியா அன்றே உப்பு ஜாடியை எடுத்துப்போய்த் தன் வீட்டில் வைத்துப் பூட்டினாள். "அண்ணி, உங்க மேல எனக்கு நம்பிக்கை இல்ல. அண்ணன் முறைச்சாருன்னா போட்டுடுவீங்க." தினமும் காலையில் வந்து அலமாரியைக் குடைவாள், தலையணையைக்கூடத் தூக்கிப் பார்ப்பாள். எனக்கு வலித்தது, ஐயா. இல்லாத உப்பு எப்படிக் கிடைக்கும்?

அவர் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தார். பாதி உடம்பாகிவிட்டார். அதற்குள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டது.

நாற்பது நாள் கறி ஆகாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கருவாடுதான். முதல் நாளே ஊறப்போட்டு, மூன்று முறை தண்ணீர் மாற்றினால்தான் அது வாயில் வைக்கும்படி ஆகும். இல்லாவிட்டால் வெறும் உப்புக்கட்டி. இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும், டாக்டருக்குத் தெரியவில்லை. ஒதிலியாவுக்குக் கருவாட்டு வாடை பட்டாலே உடம்பு தடித்துவிடும். அதனால் அந்த நாற்பது நாளும் அவள் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனாள்.

முதல் வெள்ளிக்கிழமை கருவாட்டைச் சும்மா ஒருமுறை அலசி, தேங்காய்ப்பாலில் வேகவைத்து, வாழைக்காயோடு வைத்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டி எடுவிகிஸ், இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான்டி சமைச்சிருக்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பத்திரண்டு வருடமாக அந்த ஒரு பேச்சுக்குத்தான் காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் கேட்டார். எப்படி மறுப்பது? மறுநாளிலிருந்து தினமும் அதையே சமைத்தேன்.

அவருக்குக் கால் வீங்கியது. டாக்டர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "உப்பு போடறீங்களாம்மா?"

"மாதா மேல சத்தியமா ஒரு கல்லு போடல, டாக்டர்."

அது பொய் இல்லை. அவர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். பிறகு என் வீட்டுக்காரரால் படுக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்காரவைத்து நான்தான் ஊட்டினேன். புனித வாரத்தில் புதன்கிழமை மதியம், மடியில் தட்டு இருக்கும்போதே போய்விட்டார். தட்டில் ஒரு துணுக்கு மிச்சமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆசைப்பட்டவருக்கு ஆசைப்பட்டதைக் கொடுத்தேன். மனைவி வேறென்ன செய்ய முடியும்? அன்பினால் செய்ததைக் கொலை என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒதிலியா உங்களிடம் கொண்டுவந்து கொடுத்த சின்னக் கிண்ணத்தைப் பற்றித்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? ஆமாம், தினமும் கருவாடு ஊறியது அதில்தான். மூன்று தண்ணீர், ஒருநாள்கூடத் தவறவில்லை. அதில் ஒரு துண்டுதான் கொள்ளும். அது என் துண்டு. எனக்கும் ரத்தக் கொதிப்பு இருக்கிறது, உப்பு ஆகாது என்று அந்த டாக்டர் அன்றே சொல்லியிருந்தார்.