வாசலை மறித்துத் தூண் நட்டவருக்கு

பட்டாணியிலும் பாடம் கண்ட பேரறிவே, காஜா பெராங் ஊர் கண்டெடுத்த கணித மணியே, எம் பள்ளியின் மதிப்பிற்குரிய சாரதாம்பாள் டீச்சர் அவர்களே, வணக்கம்.

இப்பிரியாவிடை மடலை எழுதும் பொறுப்பைச் சக ஆசிரியர்கள் என்னிடம் ஒப்படைத்தார்கள். பொறாமைக்காரன் எழுதினால் புகழ்ச்சியில் பொய் கலக்காது என்று நினைத்தார்கள் போலும்.

ஜப்பான்காரன் போய்ப் பள்ளி மறுபடி திறந்த நாள்முதல் அடுத்தடுத்த வகுப்பறைகளில் பணியாற்றினோம். நான் கரும்பலகை நிறைய எழுதியும் விளங்காதது, தாங்கள் ஒரு பலகையைச் சாய்த்துக் காட்டியதும் பிள்ளைகளுக்கு விளங்கியது. அவர்களுடைய சிரிப்பைச் சுவருக்கு இப்பால் இருந்து கேட்டவன் நான்.

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா ஆண்டின் தொடக்கத்தில், மண்டப வாசலில் பிள்ளைகள் முண்டியடித்ததில் சிறுமி அஞ்சலையின் கை முறிந்தது. வாசலை இடித்து அகலமாக்க வேண்டும் என்றேன் நான். தாங்களோ சாய்வுப் பலகையில் இரு சட்டங்களை அடித்து, இடையே வழிவிட்டு, காய்ந்த பட்டாணியைக் கொட்டினீர்கள். அது வழியருகே வளைவாக நெருங்கி இறுகி நின்றது. வழிக்குச் சற்று முன்னே, கொஞ்சம் ஒதுக்கி, ஒரு தக்கையைத் தூண்போல் நிறுத்தி மீண்டும் கொட்டினீர்கள். இம்முறை பட்டாணி தடையின்றி உருண்டோடியது.

தலைமையாசிரியர் மாணிக்கவாசகம் திகைத்தார். "என்னா டீச்சர், போற வழியில தூண நட்டா புள்ளைங்க எப்படி வெளிய போவும்?"

"பின்னால தள்ளுறவங்க வேகத்த அது வாங்கிக்கும் சார். வாசல்ல நசுங்க மாட்டாங்க."

"பட்டாணி வேற, புள்ளைங்க வேற," என்றேன் நான்.

"அதான் புள்ளைங்கள வச்சே பாத்துருவோம்ங்கிறேன்," என்றீர்கள்.

பிள்ளைகளைத் தூண் இன்றியும், தூணோடும் நடக்கவிட்டுப் பார்த்தோம். தாங்கள் சொன்னதே நடந்தது. சாக்கு சுற்றிய மரத்தூண் ஒன்று மண்டபத்தில் நின்றது.

சுதந்திர விழா நாடகத்தன்று கேஸ் விளக்கு கவிழ்ந்து திரை தீப்பற்றியது. கூட்டம் வாசலை நோக்கிப் பாய்ந்து, தூணருகே இரண்டாகப் பிரிந்து, வெளியேறிவிட்டது. திடலில் பிள்ளைகளை எண்ணினோம், ஒருவரும் குறையவில்லை. என் மகள் கோகிலா அழுதபடி ஓடிவந்தாள். கை நீட்டி நின்ற என்னைக் கடந்து போய்த் தங்களைக் கட்டிக்கொண்டாள். அவள் உயிரோடு இருந்த நிம்மதிக்கு நடுவிலும் எனக்கு வயிறு எரிந்தது.

சோர்வறியாச் சொல்லும் சோதித்தறியும் சிந்தையும் உடையவரே, நோயற்று நெடுங்காலம் வாழ்க. நாளைமுதல் தங்கள் வகுப்பு எனக்கு. அப்பிள்ளைகள் ஒரு நாளாவது தங்களைத் தேடாமல் என் பாடத்தைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

பள்ளி ஆசிரியர்கள் அனைவரின் சார்பில்,
கருணாகரன்
மலாக்கா, 1959