நோயை நோயாளியிடமே சொன்ன தலைமைச் செவிலியர் மலர்விழி அவர்களுக்கு

தைராய்டு சிகிச்சைப் பிரிவின் தளராத தூணே, கழுத்தில் தையலோடு கண்விழித்தவர்களின் கண்ணெதிரே நின்ற கனிவே, மலர்விழி அம்மா அவர்களே, வணக்கம்.

பணி ஓய்வு பெறும் நீங்கள், முப்பத்திரண்டு ஆண்டுகள் பதற்றம் அறியாப் பண்போடும், பகட்டு அறியாப் பணியோடும் இந்த மருத்துவமனையைத் தாங்கினீர்கள். எல்லாவற்றையும் அடுக்கினால், "வார்டை யாரு பாக்குறது?" என்று அதட்டுவீர்கள். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம். அது எங்கள் தவறும்கூட.

ரெட்டியார்சத்திரத்துப் பேச்சாயி அம்மாளுக்கு அப்போது எழுபத்தாறு வயது. புற்றுநோய்க் கட்டியை அகற்றியாயிற்று. அடுத்து, மதுரையில் கதிரியக்க அயோடின் மருந்து கொடுத்துச் சில நாள் தனியறையில் வைக்க வேண்டும். "அம்மாகிட்ட வியாதிப் பேரச் சொல்லிறாதீங்க. வெறுங் கட்டின்னு சொல்லிருக்கோம்" என்றார் மகன் மதியழகன். வயதானவர் தாங்கமாட்டார் என்று நாங்களும் தலையாட்டினோம்.

கிளம்பும் நாளில் பேச்சாயி அம்மாள் பையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"வெறுங் கட்டிக்கு எதுக்குடா தனி ரூம்பு? என்னையக் கொண்டுபோய்த் தள்ளப் பாக்குறியா? நான் ஊருக்குப் போறேன்."

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நீங்கள் வந்தீர்கள்.

"அப்பு, நீ செத்த நேரம் வெளிய நில்லு" என்று மகனை அனுப்பினீர்கள். "ஆத்தா, ஒங்களுக்கு வந்தது கேன்சர். கட்டிய எடுத்தாச்சு. மிச்சம் ஒட்டிக்கிட்டிருந்தா அழிக்கத்தான் இந்த மருந்து. அதோட கதிரு அடுத்தவங்கமேல படக்கூடாது, அதான் தனி ரூம்பு. போறதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"இந்த வயசுல கேக்குமா தாயி?"

"ஒடம்பு தாங்கும்னு டாக்டர் பாத்துட்டாரு. கேக்குறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். சத்தியம் பண்ண மாட்டேன்."

"இம்புட்டுத்தானா? இவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சதுக்கு, பொண்டாட்டி அடிச்சுப்புட்டாளோன்னு நெனச்சேன். வண்டிய எடுக்கச் சொல்லு."

அன்று முதல் இப்பிரிவில் முதியவரிடம்தான் முதலில் பேசுகிறோம்.

சென்ற வாரம் பேச்சாயி அம்மாள் பரிசோதனைக்கு வந்தார், நோய் திரும்பவில்லை. உங்கள் ஓய்வைச் சொன்னால் வருந்துவாரே என்று மறைக்கப் பார்த்தோம். செவிலியர் அன்புக்கரசிதான் சொல்லிவிட்டார்.

"போகட்டும், நல்லா இருக்கட்டும்" என்றார் பேச்சாயி அம்மாள். "அடுத்த தடவ வாரப்ப நெசத்தச் சொல்ல இங்க ஒரு ஆளு இருக்கணும், அம்புட்டுத்தான்."

நலமும் நிறைவும் சூழ நூறாண்டு வாழுங்கள் அம்மா. அந்த ஆளாக நாங்கள் இருப்போம்.

தைராய்டு சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்கள்,
திண்டுக்கல்.