ரோஸ் கலர் விதை

ஹலோ... பாப்பாவோட அப்பாவா?... நான் அவ கிளாஸ் டீச்சர் பேசுறேன்... ஆமா, ஆமா, இன்னைக்கு வரல, தெரியும். லீவைப் பத்திக் கேக்கல... ஒரு நிமிஷம் சார். டேய், யாரும் அதைத் தொடக்கூடாது, உள்ள போங்க... பசங்ககிட்ட சொன்னேன் சார்.

நேத்து பறவைக்கு வைக்க பாப்பா விதை கொண்டாந்தாளே... ஆமா, பாட்டிலை வெட்டி, அதுல கொட்டி ஜன்னல்ல மாட்டினோம். அது எங்க வாங்கினது?... நீங்க வேலை பாக்குற குடோன்லயா... சாக்கு கிழிஞ்சிருந்ததா... திங்கிற தானியமா, விதைக்கிறதா?... கோவிச்சுக்காதீங்க, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க... விதைக்கிறது. விதை மேல இருந்த அந்த ரோஸ் கலர், பூச்சி மருந்துதானே சார்... ம்... கழுவிக் குடுத்தீங்களா. கழுவினா போகாதே.

காலையில வந்து பாத்தா ஜன்னலுக்குக் கீழ குருவியும் புறாவும் செத்துக் கெடக்கு... பறவைக்காக நான் போன் பண்ணல சார். கேளுங்க. நேத்து ஒரு விளையாட்டு வெச்சேன். இடுக்கி, கரண்டி, துணி கிளிப்னு அலகு மாதிரி ஆளுக்கு ஒண்ணு குடுத்து, அந்த விதையையே பொறுக்கச் சொன்னேன், எந்த அலகு எதைப் பொறுக்கும்னு பாக்க... ஆமா, கையாலதான். பாப்பா மட்டும் இடுக்கியைக் கீழ வெச்சுட்டு வாயாலயே கொத்திக் காட்டினா... தடுக்கல சார். அந்த விதையோட லட்சணம் எனக்குத் தெரியல. எல்லாரையும் கைதட்டச் சொன்னேன்.

திட்டுங்க. நல்லாத் திட்டுங்க, ஆனா அப்புறமா. இப்ப அவ எங்க?... வயித்து வலியா... வாந்தியுமா?... எச்சில் வடியுதா பாருங்க... தலகாணியே நனைஞ்சிருச்சா... தூங்கட்டும்னு விடாதீங்க. எழுப்புங்க. நான் லைன்லயே இருக்கேன்.

...

முழிச்சிட்டாளா... சரி, சரி. வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. ஆபீஸ் போன்ல ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டேன், கிளம்பிடுச்சு. அந்த சாக்கைக் கையோட எடுத்துக்கங்க, மருந்தோட பேரு அதுலதான் இருக்கும், டாக்டர் கேப்பாரு... ஏன், என்ன?... குடோன் சாக்குன்னு தெரிஞ்சா வேலை போயிடுமா?

போகட்டும் சார். என் வேலையும்தான் போகப் போகுது. இந்த போனையே பண்ணாதீங்கன்னு ஹெட்மாஸ்டர் பக்கத்துலயே நிக்கிறாரு... சரி. எடுத்துட்டு வாங்க. ஓடுங்க.

யாரு... பாப்பாவா?... ஆமாம்மா, டீச்சர்தான்... ம், வந்துச்சுடா. நிறைய வந்துச்சு... ஆமா, உன்னோடதைத்தான் சாப்பிட்டுச்சு... ஜெயிச்சே, ஜெயிச்சே, நீதான் ஜெயிச்சே. அப்பா வந்துட்டாரா, போனை அவருகிட்ட... என்னம்மா?... லைட் போடணுமா?... லைட் எதுக்குடா இப்ப, பகல்தானே... ஜன்னல் திறந்திருக்கா பாரு... திறந்துதான் இருக்கா?... பாப்பா...

சார்... சார், போனை எடுங்க... ஹலோ... ஹலோ...