பூஜ்யத்தில் நின்ற கடுதாசி

சிவகங்கை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். கம்ப்யூட்டர் வேலை என்று பேச்சில் தெரிந்தது.

"பூஜ்யத்தப் பாத்ததும் கடுதாசி முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சிருச்சுண்ணே," என்றான் இளையவன்.

"எதுடா நெனச்சுச்சு?" என்றார் மூத்தவர்.

"பெர்ல்ங்கிற கம்ப்யூட்டர் பாஷையில நான் எழுதுன லைப்ரரி புரோகிராம்தான். கம்ப்யூட்டர்ல போற கடுதாசிய, வேற யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புறப்ப எழுத்தெல்லாம் உருமாறிப் போகும். நடுவுல பூஜ்யமும் வரும். அங்கனயே வெட்டிருச்சு. அரைக் கடுதாசிய எப்படித் தொறக்க?"

"அனுப்பிப் பாக்கலயா நீ?"

"வெறும் 'நலமா'ன்னு அனுப்பிப் பாத்தேன். அதுல பூஜ்யம் வரல."

"நல்லாப் பாத்த போ. சிவகங்கை ஆபீஸ்ல நாலு நாளாத் தொறக்க முடியாம திட்டுறாக."

"காலைல சரிபண்ணி, எல்லாத்தையும் திரும்ப அனுப்பிட்டேன். இப்ப கடுதாசி எம்புட்டு நீளம்னு முதல்லயே சொல்லிரும். பூஜ்யத்துல நிக்காது. இதுவும் தொறக்கலன்னா வேலைய விட்டுற வேண்டியதுதான்." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். "ராஜினாமா எழுதிட்டு வந்திருக்கேன்."

திருப்பத்தூரில் பஸ் நின்றது. அவன் இறங்கிப் போன் பூத்துக்கு ஓடினான். கண்டக்டர் இரண்டு தடவை விசில் கொடுத்த பிறகுதான் கடலைப் பொட்டலத்தோடு வந்து ஏறினான்.

"எல்லாம் தொறந்துருச்சுண்ணே. சிவகங்கை ஆபீஸ்ல கடைசி வரி வரைக்கும் வாசிச்சுக் காட்டுனாக."

மூத்தவர் அவன் பையிலிருந்த ராஜினாமாவை எடுத்துப் பிரித்தார்.

"மூணே வரிதான் இருக்கு. இதையும் உன் லைப்ரரி வெட்டிருச்சா?"

அவன் சிரித்தான். அந்தக் காகிதத்தை மடியில் விரித்து, சிவகங்கை வரை இருவரும் அதில் கடலைத் தோலைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.