அலி அக்பர் ஹஜ்ஜுக்குப் போகிறார்

– ஜன்னலச் சாத்துங்கங்கேன். இப்படி எட்டி எட்டிப் பாத்தா தெருவுல நாலு பேரு என்ன நினைப்பாவ?

– இரு ஆபிதா. ஒன் கூடப் பொறந்த காக்கா அலி அக்பரு, இப்பத்தான் தாவூது வீட்டுக்குள்ள போயிருக்காரு. அடுத்து ரசீது வீடு. அதுக்கடுத்து நம்ம வாசல்தான்.

– வரட்டுமே. ஹஜ்ஜுக்குப் போறவங்க வீடுவீடாப் போயி, 'தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்சதப் பொறுத்துக்கிடுங்க'ன்னு கேக்கது வழக்கந்தானே? 'பொறுத்துக்கிட்டேன் மச்சான், எங்களுக்கும் துஆ செய்ங்க'ன்னு கையப் பிடிச்சுச் சொல்லி அனுப்புங்க.

– எப்படிளா சொல்ல? ஹம்னாவப் பேசி முடிக்க வந்த கடையநல்லூர்க்காரங்ககிட்ட, 'பிள்ளைக்கு வலிப்பு உண்டு'ன்னு சொன்ன வாயில்லா அது? அஞ்சு வயசுல, காய்ச்சல்ல ஒருக்கா வந்துச்சு. அதோட சரி. அத வச்சு என் மவ நிக்காவையே நிறுத்திப்புட்டாரு. தாய்மாமன்!

– பையப் பேசுங்க. பிள்ள உள்ளதான் இருக்கா.

– அவரு என்ன கேப்பாருன்னு பயமில்ல. என் வாயில என்ன வந்து விழுமோன்னுதான் பயம்.

– அவரு செஞ்சதுக்கு அவரு பதில் சொல்லிக்கிடுவாரு. அல்லா இருக்கான். நம்ம வாயி நம்ம கையிலதான இருக்கு?

– ஒனக்கு இருக்கு. எனக்கு எங்க?

– தேளு கொட்டுச்சுன்னு நாமளும் போயி தேளக் கொட்டவா முடியும்? சபூரா, பொறுமையா இருங்க.

– வாசல்ல வச்சு நான் ஏதாவது ஏசிட்டேன்னா? போற மனுசன் அங்கன போயும் அதையே நினைச்சு மருகுவாரே! பொறவு என் மூஞ்சிய நானே கண்ணாடியில பாக்க முடியாது.

– மொதல்ல தண்ணியக் குடிங்க. சட்டையப் போடுங்க. டீ போட்டு வச்சிருக்கேன்.

– ரசீது வீட்டுல இருந்து வெளிய வந்துட்டாரு. வாராரு ஆபிதா, வாராரு. கதவத் திற!

– திறந்துதான கெடக்கு.

– ஏ... என்னளா இது? தலையக் குனிஞ்சுக்கிட்டே போறாரு. நம்ம வாசலத் தாண்டிட்டாரு!

– எங்க காக்காவா? நல்லாப் பாருங்க.

– பாத்துட்டேன். அடுத்த வீட்டுக் கதவத் தட்டுதாரு.

– அடப் பாவி மனுசா! ஊர்ல உள்ளவன் வீடெல்லாம் வேணும், கூடப் பொறந்தவ வீடு மட்டும் வேண்டாமாக்கும்? அந்த டீயத் தூக்கி சாக்கடையில ஊத்துதேன். நான் பொறுக்க மாட்டேன். மறுமையிலயும் பொறுக்க மாட்டேன்!

– ஏளா, நம்ம வாயி நம்ம கையிலன்னு இப்பத்தான சொன்ன?

– அது அவரு வந்து கேட்டா!

– கேட்டாத்தான் கொடுப்பேன்னா அது என்ன குணம்? என் செருப்பு எங்க கெடக்கு?

– எங்க கெளம்புதீங்க? சண்டைக்கா? உங்களுக்குக் கோடி புண்ணியம், தெருவுல வச்சு வேண்டாங்க...

– சண்டைக்கில்லளா. 'பொறுத்துக்கிட்டேன் மச்சான், நல்லபடியாப் போயிட்டு வாங்க'ன்னு நானே சொல்லிட்டு வாரேன். இப்ப விட்டா பொறவு எனக்கு வாயில வராது.

– வாப்பா, நில்லுங்க.

– நீ உள்ள போம்மா ஹம்னா. வாப்பா ஒண்ணும் ஏச மாட்டேன்.

– மாமா மேல கோவப்படாதீங்கம்மா. நேத்து காலேஜ் விட்டு வாரப்ப நானே அவங்க வீட்டுக்குப் போனேன். 'நான் பொறுத்துக்கிட்டேன் மாமா, கேக்கவே வேண்டாம்'னு சொன்னேன். மாமா அழுதுட்டாங்க. 'நாளைக்கு வந்து ஒன் வாப்பாட்டயும் கேக்கணும்'னாங்க. வாப்பா வாயிக்குப் பயந்து, 'எங்க வீட்டுக்கு மட்டும் வந்துராதீங்க'ன்னு நான்தான் சத்தியம் வாங்கிட்டு வந்தேன்.