பீப்பாய்களை உறங்க வைத்த மூடி அண்ணனுக்கு

பின்வரிசையில் நிற்கும் கண்மணிகளே, முன்னே வந்து அமருங்கள். வாழ்த்து மடல்தான், ஆனால் நடுவே ஒரு கதையும் உண்டு.

எரிபொருள் கிடங்கின் ஏந்தலே, பொறுமையின் பொற்குன்றே, மோட்டார் பந்தயங்கள் ஓய்ந்து பட்டறை உறங்கும் மாதங்களிலும் உறங்காத உத்தமரே, எங்கள் மூடி அண்ணனே, வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள் இங்கே பணியாற்றினீர்கள். பாதி தீர்ந்த பீப்பாயில் காற்று குடியேறக் கூடாதென்று, மிச்சத்தைச் சிறிய கலன்களுக்கு மாற்றினீர்கள். வெப்பத்தில் விரிய மேலே நான்கு விரல் இடம் விட்டீர்கள். ஊற்றுமுன், மின்பொறி எழாதிருக்கத் தரைக்கம்பியை மாட்டினீர்கள். வெயில் படாத மூலையில் அடுக்கினீர்கள். மூடியை இறுக்கிவிட்டு மறுபடி வந்து தொட்டுப் பார்த்தீர்கள். அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததா என்ன?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போனீர்கள். உங்கள் செல்வத்தை எங்கள் கண்ணாய்க் காப்போமென்று, தினமும் காலையில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, எட்டிப் பார்த்து, மூடி வைத்தோம். பாசம் மிகுந்தால் புத்தி மட்டுப்படும் என்பதற்கு நாங்களே சாட்சி.

பையும் கையுமாகத் திரும்பியவர் கிடங்கு வாசலிலேயே நின்றீர்கள். மூக்கு சொல்லிவிட்டது.

"யாரும் லைட் சுவிட்சத் தொடாதீங்க. மெதுவா வெளிய வாங்க."

இரு கதவுகளையும் விரியத் திறந்து வைத்தீர்கள். தரையோடு தவழ்ந்து கிடந்த எரிபொருள் ஆவிக்கு ஒரு பொறி போதும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விபரீதம் புரிந்தது.

"பத்திரமா இருக்கான்னு தெரிய வேணாமாண்ணே? அதான் தினமும் திறந்து பார்த்தோம்" என்றார் தலைமை மெக்கானிக்.

"புள்ள தூங்குதான்னு தினமும் தட்டி எழுப்பிப் பார்ப்பீங்களோ?"

"வண்டி ஓடுமில்ல?" என்று கேட்டார் எங்கள் பந்தய ஓட்டுநரான தங்கை.

"ஓடும்மா. எங்க நிக்கும்னுதான் தெரியாது. பெட்ரோல்ல சட்டுனு பத்திக்கிற லேசானதெல்லாம் ஆவியாப் பறந்து போச்சு. இதப் போட்டு உன்ன அனுப்ப மாட்டேன்."

அத்தனையையும் ஒதுக்கி வைத்தீர்கள். யார் செய்த தவறென்று மேலாளர் கேட்டபோது, "மூடக் கத்துக் கொடுத்தேன். மூடினதச் சும்மா விடக் கத்துக் கொடுக்கல. தப்பு என்னோடது" என்றீர்கள். தலை குனிந்து நின்றோம். உங்கள் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

அன்று முதல் பந்தயமில்லாத மாதங்களில் நீங்கள் ஊரைத் தாண்டவில்லை. பேத்திக்கு ஒன்பது வயதாகிறது. தாத்தாவைத் தொலைபேசித் திரையில்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். ஓய்வுபெறும் வேளையிலும், "இந்த ஒரு சீசன் மட்டும் இருக்கேனே" என்று மேலாளரிடம் கேட்டீர்கள். அண்ணி பட்டறைக்கே வந்துவிட்டார்.

"இவர மட்டும் அனுப்புவீங்களா, இல்ல டிரம்மையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புறீங்களா? ஹாலுல ஒரு மூல காலியாத்தான் இருக்கு."

சிரித்தோம். ஆனால் எங்களை நம்பி உங்களால் போக முடியவில்லை என்பதும், அண்ணி இன்னொரு ஆண்டும் தனியாகத்தான் மகள் வீட்டுக்குப் போவார் என்பதும் எங்களைச் சுட்டன.

ஆகவே இம்முறை பதின்மூன்று பீப்பாய்களையும் நாங்களே மூடினோம். நீங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். அது உங்களுக்கு எத்தனை பாடென்று எங்களுக்குத் தெரியும். திறந்தால் கிழியும்படி மூடிகளின் மேல் தேதியிட்ட தாள் ஒட்டினோம். நாற்பது நாட்கள் கை அரித்தது, ஒருவரும் தொடவில்லை.

நேற்று மதியம் வரிசையாக நடந்து பார்த்தீர்கள். ஒரு தாளும் கிழியவில்லை. கிடங்குச் சாவியை ஓட்டுநர் தங்கையின் கையில் வைத்தீர்கள்.

"அப்ப நான் டிக்கெட் எடுக்கவா?"

"ரெண்டா எடுங்கண்ணே" என்றார் அவர்.

போய் வாருங்கள் அண்ணே. நலமும் நீண்ட ஆயுளும் உங்கள் இருவரோடும் பயணம் வரட்டும். பேத்தியின் கை உங்கள் விரலைப் பிடித்து இழுக்கும் இடமெல்லாம் உங்கள் கால்கள் சளைக்காமல் நடக்கட்டும். இதைக் கேட்டு அமர்ந்திருக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் வெளியே போனவர்கள் பத்திரமாகத் திரும்பட்டும். உலை பொங்கட்டும், உறவு தங்கட்டும்.

நீங்காத அன்புடன்,
பந்தயப் பட்டறைப் பணியாளர்கள் அனைவரும்